நூத்தம்பது வெள்ளியும் மூணு சீட்டும்

கோயில் சமையற்கட்டுல எங்களைப் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். நாங்க அஞ்சு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை சூதாட்டக்கூடத்துக்குப் போனவங்கதான்.

கூட்டம் மொய்க்கிற மேசைப் பக்கம் போகமாட்டோம். எங்களுக்குப் பிடிச்சது ‘த்ரீ கார்டு போக்கர்’. ஆளுக்கு மூணே சீட்டு. டீலர் கையில ராணியாவது இருந்தாத்தான் அவர் ஆட்டம் செல்லும். வழக்கமான போக்கர்ல ஒரே இனச் சீட்டுகள், வரிசையை ஜெயிக்கும், இங்க தலைகீழ். மூணு சீட்டுல மொத்தம் 22,100 கைகள். அதுல ஒரே இனம் 1,096, வரிசை 720தான். அரிதா வர்றதுக்கு மதிப்பு அதிகம். இந்தக் கணக்கைப் பேசிச் சிரிக்கிறதுதான் எங்க சந்தோஷம்.

எங்கள்ல ஒரு தம்பி மட்டும் சொல்லாம தனியா போக ஆரம்பிச்சாரு. அவர் மனைவி சந்நிதியில நின்னு அழுதப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. கூட்டிட்டுப் போய்ப் பழக்கினது நாங்கதானே! வெட்கமா இருந்துச்சு.

தம்பி தானாவே நுழைவுத் தடைக்கு விண்ணப்பிச்சாரு. அவர் தனியா நிக்கக் கூடாதுன்னு நாங்க நாலு பேரும் விண்ணப்பிச்சோம். சிங்கப்பூரர்களுக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணமே 150 வெள்ளி. அஞ்சு பேருக்கு 750. அது இப்போ அன்னதானத்துக்கு அரிசி மூட்டையா வருது. சீட்டு ஆசை வந்தா வீட்டுல புளியங்கொட்டை வச்சு ஆடுறோம்.

உங்க வீட்டுலயும் இந்தச் சிக்கல் இருந்தா மறைக்காதீங்க. குடும்பத்தாரும் தடைக்கு விண்ணப்பிக்கலாம். எங்ககிட்ட வந்து பேசுங்க, கூடவே வர்றோம்.

முருகா சரணம்.