குண்டுமணித் தங்கம்

சகோதரிகளே, நம் கழுத்துச் சங்கிலி எத்தனை பவுன் என்பது நமக்குத் தெரியும். தங்கத்தை வெட்டி எடுத்தவர்களைத் தெரியுமா?

1880-ல் கோலார் தங்க வயலுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டு ஏழைத் தமிழர்கள் குடும்பத்தோடு பிழைக்கப் போனார்கள். போகப் போகச் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழமாயிற்று. அந்தப் புழுக்கத்தில், பாறை எப்போது வெடிக்குமோ என்ற அச்சத்தோடு உழைத்தார்கள்.

2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். பொன் போயிற்று, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மட்டும் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுச் சோற்றுப் பானை வரை வருகிறது.

அங்கே ஒரு தொழிலாளியின் மனைவியைக் கேட்டேன்: "உங்களிடம் தங்கம் உண்டா, பாட்டி?"

"தாலியிலே குண்டுமணி அளவு இருந்துச்சு, கண்ணு. சுரங்கம் மூடின வருஷம் அடகுக்குப் போச்சு. இன்னும் திரும்பலே."