பெரிய வன்தட்டின் படிமமும் சிறிய வன்தட்டும்

பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் என்றேனும் ஒரு நாள் சந்திக்கக்கூடிய சிக்கல் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். ஒரு கணினியின் வன்தட்டில் உள்ள அனைத்தையும் அப்படியே படிமமாக எடுத்து, அதைவிடச் சிறிய வன்தட்டில் இறக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்குரிய வேலையைப் படிமம் எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

நான் பணியாற்றுவது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் பிரிவில் அடங்குவது. எங்கள் கணினி அறையில் இருக்கும் பத்துக் கணினிகளும் நன்கொடையாக வந்தவை. பத்தும் ஒரே வகை. ஒவ்வொன்றிலும் 500 ஜிபி கொள்ளளவுள்ள, சுழலும் வகை வன்தட்டு இருந்தது. 2023ஆம் ஆண்டில் அவை மிகவும் தளர்ந்துவிட்டன. கணினியை முடுக்கிவிட்டு ஐந்து நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பது நிமிடப் பாடவேளையில் ஐந்து நிமிடம் என்பது சிறிய இழப்பன்று. புதிய மாணவர்களைப் பதிய வரும் பெற்றோர் முதலில் எட்டிப் பார்ப்பதும் கணினி அறையைத்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பணம் திரட்டிப் பத்து எஸ்எஸ்டி வாங்கித் தந்தனர். கையிலிருந்த தொகைக்கு 240 ஜிபி அளவே கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் விடுமுறையில், கணினித் தொழில்நுட்பராகப் பணிபுரியும் எங்கள் முன்னாள் மாணவர் உதவிக்கு வந்தார். ஒரு கணினியை மூலமாகக் கொண்டு, அதில் விண்டோஸ் 10, தமிழ் எழுத்துருக்கள், முரசு அஞ்சல், பாட மென்பொருள்கள் அனைத்தையும் சீராக்கி, அதன் படிமத்தை மற்றவற்றில் இறக்குவது எங்கள் திட்டம். இதற்குத் தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான கிளோன்சில்லா என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம்.

"டீச்சர், நேரா எடுத்து இறக்கினா இது ஏத்துக்காது. புது வட்டு சின்னது," என்றார் அவர்.

ஏன் ஏற்காது? கிளோன்சில்லா, கோப்புகள் இருக்கும் இடங்களை மட்டுமே படியெடுக்கிறது, வெற்றிடத்தைப் படியெடுப்பதில்லை. ஆயினும் அந்தக் கோப்புகள் எந்த அளவுள்ள பிரிவில், எந்தெந்த இடத்தில் இருந்தனவோ, அதே அமைப்பைத்தான் மீண்டும் நிறுவும். ஆகவே புதிய பிரிவு பழைய பிரிவின் அளவாகவோ அதனினும் பெரியதாகவோ இருத்தல் வேண்டும். தோட்டத்து வீட்டிலிருந்து அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்வோரை எண்ணிப் பாருங்கள். தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துச் செல்லலாம். பழைய வீட்டின் சுவர்களையும் கொல்லையையும் எடுத்துச் செல்ல இயலாது. படிமமோ சுவர்களின் அளவையும் சேர்த்தே கேட்கிறது.

அளவு பற்றியும் ஒரு சொல். வன்தட்டு உற்பத்தியாளர்கள் ஒரு ஜிபியை 1,000,000,000 பைட் எனக் கணக்கிடுகின்றனர். விண்டோஸோ 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. எனவே 500 ஜிபி என்பது திரையில் ஏறத்தாழ 465 ஆகவும், 240 ஜிபி என்பது ஏறத்தாழ 223 ஆகவும் தெரியும். 223ஐ நினைவில் வைத்தே நாங்கள் திட்டமிட்டோம்.

மூலக் கணினியில் நிறைந்திருந்ததோ 270 ஜிபி. அதில் 190 ஜிபி, 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் எங்கள் ஆசிரியர்கள் பதிவு செய்த காணொளிப் பாடங்கள்.

"இதெல்லாம் பழசுதானே டீச்சர், அழிச்சிடலாமா?" என்று கேட்டார் அவர். அவர் கேட்டது நியாயமே. பள்ளிகள் திறந்தபின் அந்தக் கோப்புறையை எவரும் திறந்ததில்லை. ஆயினும் அதனுள் எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ல, ள, ழ வேறுபாட்டைக் கற்பிக்கும் பாடங்கள் இருந்தன. நாவை எங்கே வைக்க வேண்டும் என்று தம் கையையே நாவாக மடித்துக் காட்டுவார். 2022இல் அவர் மறைந்துவிட்டார். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

அழிக்கவில்லை. இரண்டு புறவன்தட்டுகளில் தனித்தனியே படியெடுத்தோம். இரண்டிலும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, காணொளிகளை ஓடவிட்டுச் சரிபார்த்த பின்னரே மூலக் கணினியிலிருந்து நீக்கினோம். ஒன்று அலுவலக அலமாரியிலும் மற்றொன்று நூலகத்திலும் இருக்கின்றன.

எஞ்சியது 80 ஜிபி. அடுத்து, சி பிரிவைச் சுருக்கும் வேலை. விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியே இதைச் செய்யும். ஆனால் உறக்கநிலைக் கோப்பு, பக்கக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவை பிரிவின் நடுவில் நகராமல் அமர்ந்திருந்தால், வெற்றிடம் இருந்தும் சுருங்காது. அம்மூன்றையும் தற்காலிகமாக முடக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்தபின் 150 ஜிபிக்குச் சுருங்கியது. வன்தட்டின் கடைசியில் உற்பத்தியாளர் வைத்திருந்த பழைய மீட்புப் பிரிவு ஒன்றும் இருந்தது. சி பிரிவை எவ்வளவு சுருக்கினாலும் கடைசியில் உள்ள பிரிவு சிறிய வட்டின் எல்லைக்கு வெளியேதான் நிற்கும். அது எங்களுக்குத் தேவைப்படாததால் நீக்கினோம்.

பத்துக் கணினிகளும் ஒரே அடையாளத்தைத் தாங்கி நிற்கக் கூடாது. ஆதலால் சிஸ்பிரெப் கருவியால் மூலத்தைப் பொதுமைப்படுத்திய பின்னரே படிமம் எடுத்தோம். இறக்கும்போது, இலக்கு வட்டின் அளவைச் சோதிக்க வேண்டாம் என்னும் தெரிவைக் குறித்தோம். எல்லாப் பிரிவுகளும் 223க்குள் அடங்கிவிட்டதை உறுதி செய்திருந்தால் மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்கலாம். இறக்கியபின் சி பிரிவை வட்டு முழுவதற்கும் விரித்தோம். பழைய வன்தட்டுகளை ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்தோம். கணினிகள் அரை நிமிடத்திற்குள் உயிர்பெறத் தொடங்கின.

இதே வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. எனவே புதிதாகப் படிமம் தயாரிப்போர், தங்கள் கணினிகள் எந்த இயங்குதளத்தைத் தாங்கும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. வீட்டில் பழைய கணினியை மாற்றும்போது கடைக்காரர் "எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?" என்று கேட்பார். உடனே தலையாட்டாதீர்கள். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் பிள்ளைகளோடு அமர்ந்து, எவை எடுத்துச் செல்ல வேண்டியவை என்று பாருங்கள். மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். தாத்தா பாட்டியின் குரலை அவ்வாறு நிறுவ முடியாது.

இவ்வாண்டு முதலாம் ஆண்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அந்த ஆசிரியையை நேரில் கண்டதில்லை. ழகரம் வராத பிள்ளைகளுக்கு நூலகத்து வன்தட்டிலிருந்து அவருடைய பாடத்தைப் போட்டுக் காட்டுகிறேன். அவர்களும் கையை மடித்துப் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை