அப்பா வண்டிக்கு ஒரு ஸ்க்ரீன்

ஒரு மாசமா வீட்டுல ஓடின பஞ்சாயத்து இது. அப்பாவோட பழைய வேகன் ஆருக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ ஸ்க்ரீன் மாட்டறதா, வேண்டாமா? தங்கமணி "மாட்டிடுங்க"ன்னாங்க. அம்மா "அது எதுக்கு, டிவியா?"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லலைன்னா வேண்டாம்னு அர்த்தம்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. போன்ல இருக்கற மேப், கால், பாட்டு எல்லாம் வண்டியோட திரையில வர்ற ஏற்பாடுதான் இது. ஆப்பிளோட கார்ப்ளே 2014ல வந்துச்சு. கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அதே வருஷம் அறிவிச்சு 2015ல வெளிய விட்டாங்க. இப்ப வர்ற புது வண்டி பாதிக்கு மேல இது இருக்கு. அப்பாவோடது 2013 மாடல். ஒரு ரேடியோ, சிடி போட ஒரு வாய். அந்த வாய்க்குள்ள அம்மா போட்ட சீர்காழி சிடி சிக்கி வருஷக்கணக்கா வெளிய வராம கிடக்கு :)

இந்த ஆசை எனக்கு ஏன் வந்துச்சுன்னு சொல்லணும். அது கொஞ்சம் சங்கடமான கதை.

அப்பாவுக்கு 71 வயசு. திருக்கருகாவூர் பக்கம் ஒரு கிராமத்துல பத்து மா நிலம். நான் சென்னையில. சம்பா அறுப்பு வந்துட்டா அவரோட போனுக்கு ஓய்வே கிடையாது. அறுப்பு மிஷின் டிரைவர் கூப்பிடுவார், "ஐயா, இந்த வயல் முடிஞ்சுது, இப்ப வரலைன்னா அடுத்த ஊருக்குப் போயிடுவேன்"னு. கொள்முதல் நிலையத்துலேர்ந்து ஆள் கூப்பிடுவார், சாக்கு வந்துடுச்சுன்னு. நெல்லோட ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. ராத்திரி பனியில ஏறிடும். அதனால ஒரு காலை விட்டா ஒரு நாள் போச்சு. ஒரு நாள் போனா நெல் திரும்ப ரோட்டுல காயணும். இந்த அவசரத்துல வண்டியை ஓரம் கட்டி போன் பேசுங்கன்னு சொல்றது எனக்கு ஈஸி.

போன தை மாசம் ஒரு சாயங்காலம். ரோட்டுல பாதிக்கு நெல் காயப்போட்டு, வண்டி ஏறாம இருக்க சுத்தி கல்லு வச்சிருப்பாங்களே, அப்படி ஒரு இடம். இருட்டற நேரத்துல அந்தக் கல்லு தாருக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா இடது கையில போனைக் காதுல வச்சுக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்கார். எதிர்ல ஒரு அம்மா டிவிஎஸ் 50ல. கல்லையும் பார்த்து, அவங்களையும் பார்த்து, ஒத்தைக் கையால ஒடிச்சதுல முன் சக்கரம் வாய்க்கால் சரிவுல இறங்கிடுச்சு. ஒரு பனங்கட்டை தடுத்து நிறுத்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. டிராக்டர் வச்சு இழுத்தாங்க.

அப்ப போன்ல பேசிக்கிட்டிருந்தது அறுப்பு மிஷின்காரர் இல்லை. நான்தான். "எங்கப்பா இருக்கீங்க?"ன்னு கேட்டேன். ஒரு சத்தம், அப்புறம் தவளைச் சத்தம் மட்டும். அரை நிமிஷம் கழிச்சு "அப்புறம் பேசறேன் தம்பி"ன்னு வச்சுட்டார். வாய்க்கால் விஷயம் பத்து நாள் கழிச்சு அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

அதுக்கு அப்புறம்தான் நான் ஆக்சஸரீஸ் கடை ஏறி இறங்கினது. தஞ்சாவூர்ல ஒரு கடையில மூணு ரகம் காட்டினாங்க. ஒண்ணு, தானே ஆண்ட்ராய்டு வச்சிருக்கற ஒன்பது இஞ்ச் திரை. ஏழாயிரம் ரூபாய். "வண்டி ஓடும்போதே யூடியூப் ஓடும் சார்"னு கடைப் பையன் பெருமையாச் சொன்னான். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ரெண்டாவது, முறையான ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கற பிராண்டு செட். இருபத்திரெண்டாயிரம். வண்டி நகர்றப்போ அதுல வீடியோ வராது. மூணாவது, திரையே இல்லாத ப்ளூடூத் செட், தனி மைக்கோட. மூவாயிரத்தி ஐநூறு.

மச்சானோட புது வண்டியில இது இருக்கு. வாங்கிக்கிட்டு, அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சு, தஞ்சாவூர்லேர்ந்து ஊருக்குப் புறப்பட்டேன். ஒரு வெள்ளோட்டம்.

அய்யம்பேட்டை தாண்டற வரைக்கும் மேப் அம்மா சமத்தா வந்தாங்க. பாபநாசத்துல தெற்கே திரும்பினதுக்கு அப்புறம், இடது பக்கம் வெட்டாத்தங்கரையில இறங்கச் சொன்னாங்க. ஆறு நிமிஷம் மிச்சமாம். அப்பா சிரிச்சுட்டார். "அது சைக்கிள் போற கரைடா. நடுவுல மதகு இருக்கு, அதுல மாட்டு வண்டியே போகாது." காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டின்னு பிரிஞ்சு, அதுலேர்ந்து வாய்க்கால் பிரிஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கரை இருக்கற ஊர் இது. மேலேர்ந்து பார்க்கற செயற்கைக்கோளுக்கு எல்லாக் கரையும் ரோடு மாதிரிதான் தெரியும் போல. 2024 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்துல பரேலி பக்கம், வெள்ளத்துல பாதி போன பாலத்து மேல ஏறி ஒரு கார் ராம்கங்கா ஆத்துல விழுந்து மூணு பேர் செத்தாங்களே, மேப் காட்டின வழியில போனதாத்தான் அப்ப சொன்னாங்க. அப்பாவுக்கு இந்த மேப்பால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு பாபநாசத்துலயே தெரிஞ்சுபோச்சு. மேப் தேவை எனக்குத்தான். நான்தான் ஊரை விட்டுப் போனவன்.

சரி, கால்? அதுக்காகத்தானே வந்தோம். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். திரையில அம்மா பேரு பெருசா வந்துச்சு. அப்பா அதையே பார்த்துக்கிட்டு, வயலுக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆளைக் கூப்பிடற மாதிரி "ஆங்ங்ங்"னு கத்தினார். நல்லவேளை ஸ்டீரிங் என்கிட்ட இருந்துச்சு. பேசி முடிஞ்சும் கண்ணு திரையிலதான்.

வீட்டுக்கு வந்து தேடினப்போ ஒரு ஆய்வு கிடைச்சுது. 2020ல பிரிட்டன்ல ஐஏஎம் ரோட்ஸ்மார்ட்ங்கற அமைப்பு வெளியிட்டது. போனைக் கையில வச்சுப் பேசினா எதிர்ல வர்றதைப் பார்த்துச் சுதாரிக்க எடுத்துக்கற நேரம் 46 சதவீதம் கூடுது. ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கினா 53, கார்ப்ளேன்னா 57. வாயால சொல்லி இயக்கினா ஆண்ட்ராய்டு ஆட்டோ 30. கையில பிடிக்காம சும்மா பேசினாலே 27. அந்த ஊர் சட்டம் அனுமதிக்கற அளவு குடிச்சுட்டு ஓட்டினா வெறும் 12. ரெண்டு தடவை படிச்சேன். இருபத்திரெண்டாயிரம் கொடுத்து 46ஐ 53 ஆக்கப் பார்த்திருக்கேன்!

நம்ம சட்டம் கையைத்தான் பார்க்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கையில போன் வச்சு ஓட்டறது அபாயகரமா ஓட்டறதுல சேர்த்தி. முதல் தடவைக்கே ஆயிரத்துலேர்ந்து ஐயாயிரம் வரை அபராதம், ஜெயிலும் உண்டு. காதுக்கும் கண்ணுக்கும் அதுல கணக்கு இல்லை.

இன்னொரு சின்னத் தடங்கல். அப்பா வச்சிருக்கறது நான் கழிச்சுக் கொடுத்த போன். ஆண்ட்ராய்டு 10. வயர் இல்லாம ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓட பெரும்பாலான போனுக்கு 11 வேணும். வயர் போடலாம்னா, சார்ஜர் ஓட்டையில நெல்லுத் தூசி அடைச்சு, ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ஏறுது. ஊசியால குத்தி எடுத்தேன். ரெண்டு மா தூசி இருக்கும் :)

கடைசியில மூவாயிரத்தி ஐநூறு ரூபாய் ப்ளூடூத் செட்தான். 27 ஒண்ணும் நல்ல நம்பர் இல்லை, தெரியும். ஆனா அறுப்பு மிஷின்காரரை நிறுத்த என்னால முடியாது. என்னை நிறுத்தலாம். அதனால இன்னொரு காரியம் பண்ணினேன். அப்பா போன்ல லொகேஷன் ஷேரிங்கை எனக்குப் போட்டு விட்டேன். "என்னை வேவு பாக்கப் போறியா?"ன்னார். "இல்லப்பா, எங்க இருக்கீங்கன்னு இனிமே கேக்க மாட்டேன்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, "சரி, போடு"ன்னார். வாய்க்காலைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை.

பி.கு: நேத்து சாயங்காலம் புள்ளி வெட்டாத்தங்கரையில, மேப்ல ரோடே இல்லாத இடத்துல, இருபது நிமிஷமா நகரலை. போனை எடுத்தேன், வச்சேன். தங்கமணி பார்த்துக்கிட்டே இருந்தாங்க. திரும்ப எடுத்தேன், வச்சேன். நாப்பது நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டார். பின்னாடி லோடுமேன்கள் சத்தம். "சாக்கு இறங்குதுடா. நின்னுட்டுத்தான் பேசறேன். சாப்பிட்டியா?"