பாம்பன் வடகடலில் மூன்று கீச்சான்கள்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். ‘ராமேஸ்வரம் போனபோது கரையோரத் தண்ணீரில் சின்னச் சின்ன மீன்களைப் பார்த்தோம். பிடித்து வந்து வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்புத்தான், அதையே ஊற்றலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1998-ல் ராமநாதபுரத்தில் வேலை பார்த்தேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் கரையில் கொசுவலைத் துணியை வைத்துப் பன்னிரண்டு மீன்களைப் பிடித்தோம். புதுக் கண்ணாடித் தொட்டி, பளபளவென்று கழுவிய மணல், இரண்டு குடம் கடல் தண்ணீர். அன்றைக்கே எல்லா மீன்களையும் உள்ளே விட்டோம். பாசத்தோடு இட்லித் துணுக்குகளையும் போட்டோம். மூன்றாம் நாள் மீன்கள் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் பன்னிரண்டும் போய்விட்டன. மகள் ஒவ்வொன்றாக எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அழவில்லை. ‘ஏம்ப்பா செத்துச்சு?’ என்று மட்டும் கேட்டாள். ‘கடல் மீன் வீட்டுல தங்காதும்மா’ என்று சொல்லிவிட்டேன்.

அது பொய் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வாரம்தான் ஒரு கிராமத்தில் யூரியாவைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தேன். மண்ணில் போட்ட யூரியா அமோனியாவாக மாறும், அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான். தொட்டியில் நடப்பதும் அதுவேதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். புதுத் தொட்டியில் அதைத் தின்ன பாக்டீரியா கிடையாது. களர் நிலத்தில் யூரியாவைத் தூவினால் மூக்கைத் துளைக்கும் நெடி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார அமில நிலை கூடக்கூட அமோனியா விஷ வாயுவாகப் பிரிவது அதிகம். கடல் தண்ணீரின் கார அமில நிலை 8-க்கு மேல். கார அமில நிலை 7 உள்ள குளத்துத் தண்ணீரைவிடப் பத்து மடங்கு விஷம் அதே அளவு கழிவிலிருந்து கிளம்பும். நான்கு நாளில் மீன்களைக் கொன்றது கடலும் அல்ல, வீடும் அல்ல. படித்ததை வயலோடு விட்டுவிட்டு வந்த நான்தான்.

போன வருடம் பேரன் மீன் தொட்டி கேட்டான். பரமக்குடியில் எங்களோடுதான் மகளும் இருக்கிறாள். அவள் காபியை ஆற்றிக்கொண்டே, ‘அப்பா, அவனையும் குழி தோண்ட வச்சிராதீங்க’ என்றாள். இருபத்தேழு வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறாள்!

அதனால் இந்த முறை மீனுக்கு முன்னால் தண்ணீருக்குப் போனேன். மழை பெய்யாத நாளாகப் பார்த்து, துறைமுகத்துக்கும் ஓடை முகத்துக்கும் தள்ளி, 200 லிட்டர் கடல் தண்ணீரை கேன்களில் பிடித்து வந்தேன். இ.சி. மீட்டரை வைத்தால் 50-ஐத் தாண்டியது. நம் போர் தண்ணீரில் 4 வந்தாலே ‘பெரும்பாலான பயிருக்கு ஆகாது’ என்று எழுதிக் கொடுப்போம். கடிதம் எழுதிய வாசகருக்கு இதுவே பதில். உங்கள் கிணறு எவ்வளவு கரித்தாலும் கடலுக்கு அது நல்ல தண்ணீர்தான். கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். உப்பளத்தில் உப்பு விளையும்போதே மெக்னீசியம் போன்றவை கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. பாத்தியில் விளைந்த உப்பு வேறு, கடல் வேறு.

மணலும் கல்லும் போட்டு, காற்று பம்பை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் ஒரு இறால் துண்டைப் போட்டு அழுக விட்டேன். பாக்டீரியாவுக்கு அதுதான் அடியுரம். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அமோனியாவைப் பார்க்க கடையில் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. நெல்லுக்கு இலை வண்ண அட்டை பிடித்துப் பார்ப்பதுபோல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். அமோனியா ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் பூஜ்யத்துக்கு வர ஏழு வாரம் ஆனது. பேரன் தினமும், ‘தாத்தா, மீன் எப்போ?’ என்று கேட்டான். வெறும் தண்ணீரை ஏழு வாரம் பார்த்துக்கொண்டிருப்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய தண்டனைதான்.

ஆவணி அமாவாசையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குப் போனோம். பாம்பன்காரர்களுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். நாங்கள் வடகரைக்குப் போனதற்குக் காற்று ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை தென்கடலில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. வடகரையிலும் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் தண்ணீரில் கால் வைத்தோம்.

வடகரைக்குச் சில நூறு மீட்டர் தள்ளி ஒரு பவளப்பாறைத் திட்டு கரைக்கு இணையாக ஓடுகிறது. அலையை அது தடுத்துவிடுவதால் உள்ளே முழங்கால் ஆழத் தண்ணீர், அடியில் கடல்புல். வற்றம் நன்றாக இருந்த காலை அது. புல்லுக்கு நடுவே கீச்சான் குஞ்சுகள், மடவைக் குஞ்சுகள், சங்குக் கூட்டைச் சுமந்து நடக்கும் துறவி நண்டுகள். கொஞ்சம் தள்ளி மூங்கில் மிதவைகளில் பெண்கள் பாசி கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மிதவை, 45 நாளில் அறுவடை. நம் பத்திரிகைக்குத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டிய விவசாயம் அது.

அவர்களில் நாற்பது வயது இருக்கும் ஒருவர் எங்கள் வாளியை எட்டிப் பார்த்தார். ‘என்ன சார், கொழம்புக்கா?’

‘இல்லம்மா, பேரனுக்குத் தொட்டியில வளர்க்க.’

‘வளக்கவா!’ என்று சிரித்தவர், மிதவைக்குக் கீழே கையைக் காட்டினார். பாசியின் நிழலில் ஐந்து கறுப்புப் பட்டை போட்ட குட்டி மீன்கள் கூட்டமாக நின்றன. சார்ஜென்ட் மேஜர் என்று மீன் பிரியர்கள் சொல்லும் இனம். பேரன் துள்ளினான். நான்தான் வேண்டாம் என்றேன். கூட்டமாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும் அது, தொட்டியில் நாலைந்து வளர்ந்தால் ஒன்றையொன்று துரத்தும். பக்கத்திலேயே கரும்பட்டையும் வெள்ளைக் கோடுமாக, பந்துபோலச் சுருண்டு உருண்ட இன்னொரு கூட்டத்தில் அவன் கையை விடப் போனான். அந்த அம்மா கத்தினார். ‘தம்பி, தொடாத! கெளுத்தி, முள்ளுல விஷம்!’ கடல் கெளுத்தியின் குஞ்சு அது. குத்தினால் பெரிய ஆளே துடித்துப் போவார். அந்தக் கத்தலுக்குப் பிறகு பேரன் என் வேட்டியை விடவே இல்லை.

கரையில் ஒதுங்கிய புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரை கிடந்தது. உயிர் இருந்தது. பேரன் கண் அகல உட்கார்ந்துவிட்டான். ‘இத எடுத்துட்டுப் போலாம் தாத்தா, இது மட்டும் போதும்’ என்றான். எனக்கும் சபலம்தான், மறைப்பானேன். கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தவை. கடைக்காரர் சொல்லும் ‘செத்த பவளம்தானே’ என்ற சமாதானமும் செல்லாது. ஆனால், பையனிடம் சட்டம் பேசி என்ன பயன்? அந்த அம்மாவே புல்லோடு சேர்த்து அதை அவன் கையில் கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீர் வரை கூட்டிப்போய், ‘நீயே விடு’ என்றார். விட்டான். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் மூன்று கீச்சான் குஞ்சுகளை எடுத்துக்கொண்டோம். விரல் நீளம், வெள்ளி உடலில் வில்போல வளைந்த கறுப்புக் கோடுகள். கையில் எடுத்தால் கீச் என்று சத்தம் போடும், பெயர் வந்த கதை அதுவாகத்தான் இருக்கும். செவுளில் முள் உண்டு, அதனால் வெறும் கையால் அழுத்திப் பிடிக்காமல் குவளையால் மொள்ள வேண்டும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், மீனவர் வலையில் அன்றாடம் விழும். பழகுவதற்கு இதைவிடத் தோதான மீன் இல்லை. பவளத்தை நம்பி வாழும் வண்ண மீனை முதல் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. கோமாளி மீன்தான் வேண்டும் என்பவர்களுக்கும் கடல் தேவையில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்கலாம்.

80 கிலோமீட்டருக்கு மேல் பயணம். மூடி போட்ட வாளி, மேலே ஈரச் சாக்கு, பேட்டரியில் ஓடும் காற்று பம்பு. தீனி போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் உள்ளே விட்டோம். அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு கடல் தண்ணீரை மாற்றுகிறேன். இடையில் ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் நல்ல தண்ணீர். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். தண்ணீருக்காக மாதம் இரண்டு முறை மண்டபம் போய்வரும் பெட்ரோல் செலவை மனைவியிடம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் மகள்தான் எனக்கு முன்னால் எழுந்து தொட்டிக்குப் போயிருந்தாள். விரலை நீட்டி எண்ணினாள். மூன்று. ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போய்விட்டாள்.

ஐப்பசி மழை இரவொன்றில் மூடியை நான் சரியாக வைக்கவில்லை. ஒன்று துள்ளி வெளியே விழுந்திருந்தது. இந்த முறை பேரன் கேட்டபோது, ‘தாத்தா மூடியைச் சரியா வைக்கல’ என்று சொன்னேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். இருவரும் சேர்ந்து முருங்கைக்கு அடியில் குழி தோண்டினார்கள்.

மீதி இரண்டும் பத்து மாதமாக நன்றாக இருக்கின்றன. இப்போது என் உள்ளங்கை நீளம். ஓரடிக்கு வளரக்கூடிய மீன், இந்தத் தொட்டி இனி அதிக நாள் போதாது. தொட்டியில் இருந்ததை நோயோடு கடலில் விடுவதும் சரியில்லை. பெரிய தொட்டிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தண்ணீர் எடுக்கப் போனபோது பாசி கட்டும் அந்த அம்மாவிடம் யோசனை கேட்டேன். ‘புளி ஊத்தி கொழம்பு வைங்க சார்’ என்றார். பேரனிடம் இதை நான் சொல்லவில்லை.