வண்டிக்குள் ஒரு பரண்

வீட்டிற்குப் பரண் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். விதைநெல்லும், பழம்பாயும், திருவிழாவுக்கு மாத்திரம் கீழே இறங்கும் பெரிய பாத்திரங்களும் பரணிலே தங்கியிருக்கும். அடுக்களையிலோ உறி தொங்கும். தலைக்கு மேலுள்ள வெளியை வீணாக விடாத நுண்ணறிவு எம் முன்னோரிடம் இருந்தது. ஆனால், மோட்டார் வண்டிக்குள்ளும் ஒரு பரண் வேண்டும் என்று கூறினால் வாசகர்களுள் சிலர் நகைக்கக்கூடும். கரடுமுரடான காட்டுப் பாதையிலே குழந்தை குட்டிகளோடு சென்று பழகியவர் மட்டும் நகைக்கமாட்டார்.

எமது வண்டி 1980களிலே செய்யப்பட்ட லாண்ட் ரோவர். அதன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 110 அங்குலம் இருப்பதால் அதற்கு 'வன் டென்' என்று பெயர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதல் உலகத்தார் முன் நின்ற இக்குடும்பத்து வண்டிகள், பழைய வடிவிலே 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி வரை செய்யப்பட்டன. யுத்தம் முடிந்த காலத்திலே உருக்குக்குப் பஞ்சம் நிலவியமையால், உடற்பாகத்தை அலுமினியக் கலவையிலே அமைத்தார்கள். அன்று தட்டுப்பாட்டினால் பிறந்த அவ்வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. எமது வண்டியின் கூரையும் அலுமினியமே.

வவுனியாவிலே வாழும் எமக்கு நெடுங்கேணிப் பக்கத்திலே குடும்ப வயல் உண்டு. பெருந்தெருவை விட்டு இறங்கினால் எஞ்சிய தூரம் செம்மண் பாதை. மாரியிலே சேறு, கோடையிலே புழுதி. ஆச்சி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஏறி, அரிசி மூடை, தண்ணீர்க் கலன், கருவிப் பெட்டி, மாற்றுச் சில்லு என்பனவும் ஏறிவிட்டால், வண்டியிலே கால் வைக்கவும் இடமிராது.

சோளகக் காற்று வீசிய ஓர் ஆவணி மாதத்திலே, தமக்கையாரின் எட்டு வயது மகனுக்கு அப்பாதையில் வைத்துத் தொய்வு கண்டது. புழுதி நெஞ்சை அடைத்தது. மூச்சு சீழ்க்கையாக வந்தது. மருந்தை உள்ளிழுக்கும் சிறு கருவியான இன்ஹேலர் வண்டியிலேயே இருந்தது. ஆனால் அது இருந்த பை, மூடைகளுக்கு அடியிலே இருந்தது. ஒவ்வொரு பொதியாக இறக்கி அதனை எடுக்கும் வரை, தாயின் மடியிலே சாய்ந்திருந்த அச்சிறுவனின் கண்களை நாம் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. மருந்து நெஞ்சிலே இறங்கியதும் அவன் தேறினான். எல்லாப் பொருளும் வண்டியில் இருப்பது வேறு, வேண்டிய பொருள் வேண்டிய கணத்திலே கைக்கு எட்டுவது வேறு என்பது அன்று எமக்குத் தெளிவாயிற்று.

தலைக்கு மேலே பொருத்தும் தட்டுகள் பிறநாடுகளில் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. நாம் எமது ஊர்த் தச்சரையே நாடினோம். அவர் உடனே உளியை எடுக்கவில்லை. "முதலிலே எங்கே வைப்பது என்று தீர்மானியுங்கோ, தம்பி. பிறகு எப்படிச் செய்வது என்று பாப்பம்," என்றார்.

அக்கேள்வி சிறியதன்று. பின்னிருக்கைக்கு மேலே இடம் அதிகம் என்றான் எமது இளைய சகோதரன். எனினும், ஓடும் வண்டி திடீரென நின்றால் அதற்குள் கட்டப்படாமல் இருக்கும் பொருள் நிற்பதில்லை. வண்டி சென்ற வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்பது, ஏறக்குறைய 14 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது பெறும் வேகமாகும். தென்னையின் உச்சியிலிருந்து தேங்காய் விழுவதை எண்ணிப்பாருங்கள். அத்தகைய பொருள் முன்னிருப்போர் பிடரியிலே பட்டால் என்ன ஆகும்? ஆகவே, எவருடைய தலைக்கும் பின்னால் வராதபடி, முன்கண்ணாடியின் மேல் விளிம்பை ஒட்டிப் பரண் அமைப்பது என்று முடிவாயிற்று.

தச்சர் முதலிலே தடித்த அட்டையை வெட்டி, கூரையின் வளைவுக்கு ஏற்ப மாதிரி ஒன்று செய்தார். அதனைக் கயிற்றினாலே கட்டிவிட்டு, வீட்டிலே உயரமானவரைச் சாரதி இருக்கையில் அமரச் செய்தோம். பள்ளத்திலே சக்கரம் விழுந்து எழும்போது தலை மேலே எழும்பும் அல்லவா? அதற்கு இடம் விடவேண்டும். பின்புறம் காட்டும் கண்ணாடியும் மறையக்கூடாது. வெயில் மறைக்கும் தட்டுகளும் தடையின்றி மடியவேண்டும். இம்மூன்றும் ஒத்துவரும் வரை மாதிரியை இரு தடவை வெட்டித் திருத்தினார்.

பின்னர் 9 மில்லிமீற்றர் கனமுள்ள ஒட்டுப்பலகையிலே, 130 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமுமாகப் பரண் உருவாயிற்று. அடிப்பலகையின் நிறை ஏறக்குறைய 2 கிலோகிராம் மாத்திரமே. இருக்கைப் பக்கத்து விளிம்பிலே 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டினார். வயலுக்கு வரம்பு நீரைக் காப்பது போல, மேடேறும்போது பொருள்கள் மடியிலே கொட்டாமல் இவ்வரம்பு காக்கும். குலுங்கும்போது ஓசை எழாதிருக்க உட்புறத்திலே கம்பளித் துணி ஒட்டினோம்.

கூரையிலே துளையிடுவதற்குத் தச்சர் இணங்கவில்லை. மாரி மழைக்கு ஒரு துளை போதும் என்றார். வெயில் மறைப்புத் தட்டுகளையும் கைபிடிகளையும் தாங்கியிருந்த பழைய துளைகளையே பயன்படுத்தினோம். உருக்கு ஆணி அலுமினியத்தோடு நேரே உராய்ந்திருந்தால், உப்பும் ஈரமும் சேரும் இடத்திலே அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். முல்லைத்தீவுக் கரையிலே உள்ள உறவினர் வீட்டுக்கும் செல்லும் வண்டியாதலால், இடையே ரப்பர் வளையங்கள் இட்டோம். அதிர்விலே கழன்றுவிடாதபடி, நைலோன் வளையம் உட்பதித்த நட்டுகளை முடுக்கினோம். இராப்பொழுதிலே பொருளைத் தேடுவதற்கு ஒரு சிறு மின்குமிழும் வைத்தோம். அதற்குச் செல்லும் கம்பியிலே, பற்றறிக்கு அண்மையில் ஒரு பியூஸ் இடுவதை மறந்துவிடலாகாது. கம்பி எங்காவது உராய்ந்து உலோகத்திலே பட்டால், தீப்பற்றுமுன் மின்னோட்டத்தை நிறுத்துவது அதுவேயாகும்.

பரண் எழுந்தது, அதனோடு ஒரு வழக்கும் எழுந்தது. இடம் ஒன்று உண்டானால் அதை நிரப்பத் துடிப்பது மனித இயல்பு. இளைய சகோதரன் திருகுச் சாவிகளைக் கொண்டுவந்தான். தமக்கையார் பால்மா டின்னை எடுத்துவந்தார். அப்பொழுது திண்ணையிலிருந்த ஆச்சி, "தலைக்கு மேலே இருக்கிறது பூவெண்டாலும் அதிலே ஒரு கண் வேணும், மோனை. இரும்பை ஏன் அங்கே ஏத்துறாய்?" என்று கேட்டார். வழக்கு அத்துடன் தீர்ந்தது. சாவி ஒன்று தவறி விழுந்து சாரதியின் காலடியிலே, தடுப்புக்கட்டையின் கீழே சிக்கினால் வண்டியை நிறுத்தவும் இயலாது. மேலும், பாரம் மேலேற மேலேற, சரிவான பாதையிலே வண்டி கவிழும் அபாயம் கூடும். பாரமானது கீழே, இலேசானது மேலே என்பதே சட்டமாயிற்று. மூன்று கிலோகிராமுக்கு மேற்பட எதுவும் ஏற்றுவதில்லை. வைத்தவற்றின் மேலே ஒரு வலையும் இழுத்துக் கொளுவப்படும்.

ஆயினும், இப்பரணின் மிகப் பெரிய பாடம் எமக்கு மருந்தகத்திலேதான் கிடைத்தது. புதிய இன்ஹேலர் வாங்கச் சென்றபோது, அதனை இனி வண்டிப் பரணிலேயே வைத்துவிடப் போகிறோம் என்று பெருமையோடு கூறினோம். மருந்தாளர் தலையசைத்து மறுத்தார். அக்கருவியின் உள்ளே மருந்து அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கிறது. அதனை 30 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்திலே பேணவேண்டும். 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் படவே கூடாது. வெயிலிலே கதவடைத்து நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அந்த அளவையும் தாண்டக்கூடும். சூடான காற்று மேலே எழுவதால், கூரையை ஒட்டிய இடமே கொடியது. எந்த மருந்துக்காகப் பரண் கட்டினோமோ, அந்த மருந்துக்கே நிறுத்திய வண்டியின் பரண் ஆகாத இடமாயிற்று!

அதனால் பரண் பயனற்றுப் போகவில்லை. மருந்துக்கென்று சிவப்புத் துணியிலே ஒரு சிறு பை தைத்தோம். வண்டி புறப்படும்போது அது வரம்பின் ஓரத்திலே, கை நீட்டினால் எட்டும் இடத்திலே ஏறும். வண்டி நின்றதும், எவர் இறங்குமுன்னும் அது இறங்கும். அப்பொறுப்பை அச்சிறுவனே ஏற்றுக்கொண்டான். தன் மூச்சைத் தானே காத்துக்கொள்வதிலே அவனுக்கு ஒரு மிடுக்கும் உண்டாயிற்று. கட்டுத்துணி, கைவிளக்கு, மெல்லிய மழைச்சட்டை, வழிப்படம் என்பன எஞ்சிய இடத்திலே நிரந்தரமாக வாழ்கின்றன. எது எங்கே இருக்கிறது என்பது வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் தெரியும், இருளிலும் தெரியும்.

இவ்வாறான தட்டொன்றை அமைக்க விரும்பும் அன்பர்கள் பலகையின் அளவைக் கணக்கிடுமுன், அதிலே ஏறப்போகும் பொருள்களின் பட்டியலை முதலிலே எழுதிக்கொள்வது நன்று. அப்பட்டியலிலே பாரமானவற்றையும், வெப்பம் தாங்காதவற்றையும், என்றோ ஒருநாள் உதவும் என்பவற்றையும் அடித்துவிடுங்கள். எஞ்சுபவை மிகச் சிலவாகவே இருக்கும். அச்சிலவற்றுக்காகவே பரண்.