மாலை 4.12

எங்கள் ஆய்வு மாணவர் பேரவையின் அடுத்த தேர்தலை இணையவழியில் நடத்த எந்த மென்பொருள் ஏற்றது என்று சோதித்து அறிக்கை தருமாறு என்னைப் பணித்திருந்தார்கள். மொழியியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தேர்தலை நடத்தியவள் நான் என்பதுதான் காரணம். அன்று நடந்த ஒன்றை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அப்போது கூகுள் படிவத்தைப் பயன்படுத்தினோம். ஐதராபாத்தில் வாக்குப்பெட்டி வைத்தால், களப்பணிக்காக அருணாசலத்திலும் பஸ்தரிலும் இருப்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை மறவாமல் அணைத்திருந்தேன். ஆகவே இரகசியம் காக்கப்பட்டுவிட்டதாக நம்பினேன். ஆனால் விடைகள் வந்துசேரும் விரிதாளின் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு விடையும் வந்த நேரம் பதிவாகிறது. மாலை 4.12க்கு ஒரு வரி வந்தது. அதே நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் என் அறைத்தோழி "போட்டாச்சு" என்று எழுதினாள். முன்னும் பின்னும் அரைமணி நேரத்துக்கு வேறு வாக்கே இல்லை. நாங்கள் இருவரும் இரவெல்லாம் புகழ்ந்து பேசிய வேட்பாளருக்கு அவள் வாக்களித்திருக்கவில்லை.

வாக்கு என்பதற்குப் பேச்சு என்பதே மூலப்பொருள். என் காதில் விழக் கூடாத பேச்சு அது, விழுந்துவிட்டது. அதன்பின் அவளோடு தேநீர் அருந்தும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வந்தது. காரணம் சொல்லாமலே நான் சற்று விலகினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனவே இம்முறை மென்பொருள்களைப் பார்த்தபோது, எண்ணிக்கை சரியாக வருமா என்பதைவிட, தேர்தலை நடத்துபவர் கண்ணில் என்னென்ன படும் என்பதையே தேடினேன். கட்டணச் சேவை ஒன்று, வாக்களித்தவுடன் "நீங்கள் இன்னாருக்கு வாக்களித்தீர்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறது. குழுவினர் இதை வெளிப்படைத்தன்மை என்று பாராட்டினர். எனக்கு அச்சமே தோன்றியது. ஆய்வேட்டில் கையொப்பமிட வேண்டிய ஒருவர் "அந்த மின்னஞ்சலைக் காட்டு" என்றால் எந்த மாணவர் மறுப்பார்? மற்றொரு சேவை முடிவுகளைத் துறைவாரியாகப் பிரித்து அழகிய வரைபடங்களாகத் தருகிறது. மூன்றே வாக்காளர்கள் உள்ள துறையில் மூவரும் ஒருவருக்கே வாக்களித்தால், அந்த வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும்.

பென் அடிடா 2008இல் வெளியிட்ட ஹீலியோஸ் வேறு வகையானது. பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2009இல் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தியது. வாக்கு நம் உலாவியிலேயே குறியாக்கம் பெறுகிறது. நமக்குக் கிடைப்பது ஒரு தடக்குறி மட்டுமே. நம் வாக்கு பட்டியலில் சேர்ந்ததா என்று அதைக்கொண்டு பார்க்கலாம். யாருக்கு வாக்களித்தோம் என்று பிறருக்குக் காட்ட அது உதவாது. தனித்தனி வாக்குகளைத் திறக்காமலே கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் திறக்கிறார்கள். அருகில் நின்று மிரட்டுபவரை எந்த மென்பொருளாலும் விரட்ட முடியாதுதான். ஆனால் இதில் மீண்டும் வாக்களிக்கலாம். கடைசியாக அளித்ததே கணக்கில் சேரும். மிரட்டுபவர் போன பிறகு மாற்றிக்கொள்ள ஒரு வழியேனும் உண்டு.

இதிலும் இடர் இருக்கிறது. பன்னாட்டுக் குறியாக்கவியல் ஆய்வுக் கழகம் தன் தேர்தல்களை ஹீலியோஸில்தான் நடத்திவந்தது. 2025இல் மூன்று பொறுப்பாளர்களுள் ஒருவர் தம் சாவியைத் தொலைத்துவிட்டார். மூன்று சாவிகளும் சேர்ந்தால்தான் முடிவைத் திறக்க முடியும் என்று அமைத்திருந்ததால், தேர்தலையே மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. குறியாக்கமே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி! இனி இரண்டு சாவிகள் போதும் என்று அக்கழகம் முடிவு செய்தது. ஹீலியோஸைப் பின்பற்றிப் பிரான்சின் நான்சி நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய பெலெனியோஸில் அந்த அமைப்புக்கு இடமுண்டு. அதையே பரிந்துரைத்தேன். சாவிகளை வெவ்வேறு தரப்பினர் மூவர் வைத்திருக்க வேண்டும் என்றும், அம்மூவருள் நான் இருக்கக் கூடாது என்றும் எழுதினேன்.

ஏன் என்று குழுவில் கேட்டார்கள். வேலைப்பளு என்று சொல்லி முடித்துவிட்டேன். பழைய விரிதாள் அதுவரை என் கணக்கிலேயே கிடந்தது. அன்றிரவு அதை நீக்கினேன்.

இப்பதிவை அவள் வாசிப்பாள். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டாமென்று நேற்று தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னைக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமே, ஏன் போடலைன்னு சொல்லியிருப்பேனே" என்றாள்.