வடையும் பணிசும்

2010இல் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பியதும், பிள்ளைகளைப் படிப்பிக்க வடை சுட்டு விற்கத் தொடங்கினேன். "உதுவும் ஒரு தொழிலோ?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் அசோக் வைத்யாவின் கதையைச் சொல்வேன்.

பம்பாயில் தாதர் புகையிரத நிலையத்துக்கு வெளியே சிறுகடை வைத்திருந்தவர் அவர். 1966இல், கடலைமாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வடையைப் பணிசுக்குள் வைத்து விற்றார். 'வடா பாவ்' அப்படித்தான் பிறந்தது என்பார்கள். வடையும் புதிதல்ல, பணிசும் புதிதல்ல. வேலைக்கு ஓடும் ஆலைத் தொழிலாளி நின்றபடியே குறைந்த காசில் பசியாற வேண்டும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார். 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின் பின் ஆலைகள் பல மூடப்பட்டன. வேலையிழந்தவர்களில் பலர் வடா பாவ் விற்றே குடும்பத்தைக் காத்தார்கள்.

சகோதரிகளே, கைப்பக்குவம் எங்களிடம் இருக்கிறது. எங்கள் தெருவால் யார் பசியோடு போகிறார்கள் என்று பார்ப்போம்.